பெரியவர், சின்னவர், வஹீதா

கதவை இழுத்துப் பார்த்தாயிற்று. பூட்டியிருக்கிறது. நாலடி நடந்தவர் திரும்பி வந்து மறுபடியும் இழுக்கிறார். இப்போதும் பூட்டித்தான் இருக்கிறது. கதவில் பதித்த கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்து, "போயிட்டு வரேன் பெரியவரே, போயிட்டு வரேன் சின்னவரே" என்று தாழ்ந்த குரலில் சொன்ன பிறகுதான் வஹீதா பேகத்தின் கால் லிஃப்ட் பக்கம் திரும்பும். ஒரு மாலை அவசரத்தில் சொல்லாமல் கிளம்பிவிட்டு, உழவர் சந்தை வரை போன ஆட்டோவைத் திருப்பச் சொன்னார். எதையோ மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று ஆட்டோக்காரரும் திருப்பினார். மூன்றாவது மாடிக்கு ஏறி, கதவருகே நின்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு இறங்கி வந்தவரைப் பார்த்து அவருக்கு ஒரே குழப்பம்.

பெரியவரும் சின்னவரும் தென்னூரிலுள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டு சர்வர்கள். ஒரே நாளில் வந்து இறங்கியவை. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம். ரேக் என்கிற இரும்பு அலமாரியின் மேல் தட்டில் இருப்பது பெரியவர், கீழ்த் தட்டில் இருப்பது சின்னவர். நோயாளியின் பெயர், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் படம், மருந்துச் சீட்டு, பில் என்று அந்த ஆஸ்பத்திரியில் பதிவாகும் எதுவும் இவர்களில் ஒருவர் கையால்தான் பதிவாகும். இருவரையும், இருவருக்கும் பொதுவான ஸ்டோரேஜ் பெட்டியையும் கட்டி மேய்ப்பது வஹீதாவின் வேலை. நாற்பத்தைந்து வயது, காட்டன் புடவை, தலையில் முக்காடு, அறையின் குளிருக்கு விரல் பிரித்த காலுறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே வரலாம். மேனேஜர் முருகானந்தம் ஒரு தடவை பாலிஷ் போட்ட ஷூவோடு வாசல்வரை வந்தார். வஹீதா அந்த ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்ல வந்ததைப் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று மேனேஜர் திரும்பிவிட்டார்.

எதற்கு இரண்டு சர்வர் என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் கேட்பார்கள். வஹீதா கணவரின் கடையைத்தான் உதாரணம் காட்டுவார். அனீஸ், மலைக்கோட்டை அடிவாரத்தில் ஆள் இடித்துக்கொண்டு நடக்கும் சந்து ஒன்றில் பட்டன், ஜிப், லேஸ், லைனிங் துணி விற்கிறார். "எங்க வீட்டுக்காரர் தொழுகப் போனா அவரு தம்பி வந்து கல்லாவுல உக்காருவாரு. கல்லா ஒண்ணுதாங்க, உக்காருற ஆளுதான் ரெண்டு. ஜிப் வாங்க வர்றவங்களுக்கு ஆளு மாறுனதே தெரியக் கூடாது. அதே சமயம், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கல்லாவுக்குள்ள கை விட்டாங்கன்னு வைங்க, சாயங்காலம் ஒண்ணும் தேறாது." கல்லா என்பது ஸ்டோரேஜ். ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது மற்றவர் நின்றுகொண்டு வேடிக்கை பார்க்க வேண்டும். முன்னவர் சாய்ந்தால் அடுத்த நிமிடம் பின்னவர் உட்கார வேண்டும். பாடம் இத்தோடு முடிந்தது. இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்று லேப் ஆட்கள் சொல்கிறார்கள்.

அந்த ஸ்டோரேஜ் எழுபது சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் வஹீதாவுக்குச் சோறு இறங்காது. மீதி முப்பது காலியாகத்தானே கிடக்கிறது என்று யாராவது வாய் விட்டால் தொலைந்தார்கள். "காலியா கெடக்கலைங்க, காத்திருக்கு" என்பார். இந்த எழுபது ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. அவருடைய டிபன் பாக்ஸ் முக்கால்தான் நிரம்பியிருக்கும். தண்ணீர் பாட்டிலிலும் கழுத்துக்கு நாலு விரல் கீழேதான் தண்ணீர். வீட்டு பீரோவில் ஒரு தட்டு எப்போதும் காலி. மகள் ஷஹனாஸ் கல்லூரி விடுதியிலிருந்து வந்தால் துணியை அங்கே அடுக்க முடியாமல் நாற்காலியில் போட்டுவைக்கிறாள். ரம்ஜானுக்கு விருந்தாளிகள் வரும்போது பிரியாணிச் சட்டியை மட்டும்தான் முழுக்க நிரப்ப அனுமதி உண்டு.

இடத்தை அடைத்துக்கொள்வது பெரும்பாலும் ஸ்கேன் படங்கள்தாம். ஆனால் ஒருமுறை திடீரென்று பெட்டி வீங்கிவிட்டது. எங்கே என்று துருவிப் பார்த்ததில், எலும்பு டாக்டர் ஒருவருடைய ஃபோல்டரில் ‘தங்கச்சி கல்யாணம்’ என்று பெயரிட்ட ஒரு வீடியோ இருந்தது. முகூர்த்தம், வரவேற்பு, பந்தி என்று தனித்தனியாக. வேறொருவராக இருந்தால் மேனேஜருக்கு எழுதிப் போட்டிருப்பார்கள். வஹீதா டாக்டருக்கே போன் செய்தார். "டாக்டர், தங்கச்சி கல்யாணத்தை ரொம்ப நல்லா நடத்தியிருக்கீங்க போல. மாஷா அல்லாஹ். அதை வீட்டுல வச்சுக்கிட்டா நோயாளிங்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்குங்க." அன்று மதியமே பெட்டி இளைத்துவிட்டது. அந்த டாக்டர் இப்போதும் லிஃப்டில் வஹீதாவைப் பார்த்தால் படி வழியாகப் போகிறார்.

இன்னொரு பிடிவாதம், யாருடைய விவரத்தையும் திறந்து படிக்கமாட்டார். ஊரின் பாதிப் பேருடைய நோய் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. நினைத்தால் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். தன்னுடைய ரத்தப் பரிசோதனை முடிவைக்கூட அவர் லேப் ஜன்னலில், கையில் சீட்டோடு, வரிசையில் நின்றுதான் வாங்குவார். "பெட்டியைப் பாத்துக்கிறதுதாங்க என் வேலை. பெட்டிக்குள்ள இருக்குறது அவங்கவங்களோடது" என்பார். வரிசையில் முன்னால் போகச் சொன்னாலும் போகமாட்டார்.

எல்லாவற்றிலும் இரண்டு வைத்திருப்பார் என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த கதை. இரண்டு குடை, இரண்டு கண்ணாடி, இரண்டு சார்ஜர். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இரண்டும் வேலை செய்ய வேண்டும். மழை பெய்கிறதோ இல்லையோ, ஒரு நாள் இந்தக் குடை, மறுநாள் அந்தக் குடை. "விரிச்சே பாக்காத குடை குடையில்லைங்க, கம்பு." சர்வர் அறைக்கும் இரண்டு சாவி இருந்தது. ஒன்று கைப்பையின் உள் அறையில், மற்றது டிபன் பையின் அடியில். கைப்பைக்கு ஜிப் போட்டுக் கொடுத்தது அனீஸ். இழுத்தால் இழுத்த இடத்தில் நிற்கும், அவர் கடையிலேயே உசத்தியான ஜிப்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கூட்டம் வடிந்த நேரத்தில், பெரியவரும் சின்னவரும் இடம் மாறுவார்கள். யார் வேலையில் இருக்கிறாரோ அவரை வஹீதா வேண்டுமென்றே படுக்க வைப்பார். மற்றவர் எழுந்து உட்கார்கிறாரா என்று பார்ப்பார். அதற்கு முன் ஒவ்வொரு கவுன்ட்டராக நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவார். "பெரியவருக்கு இன்னிக்கு லீவாங்க மேடம்?" என்று அட்மிஷன் கவுன்ட்டரில் இருக்கும் மலர்க்கொடி கேலி செய்வார். முசிறியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். திரை நிற்கிற அந்த ஒரு நிமிடத்துக்கென்றே பையில் வாழைப்பழம் வைத்திருப்பார். அவர் பழத்தைத் தின்று முடிப்பதற்குள் திரை வந்துவிடும். ஓடுகிற சர்வரை எதற்கு நிறுத்த வேண்டும் என்று முருகானந்தம் கேட்டதற்கு வஹீதா சொன்னார்: "சும்மாவே படுத்திருக்கிற ஆளை அப்பப்ப எழுப்பி நடக்க வச்சுப் பாக்கணும் சார். ஆபத்துல எழுப்பினா கால் மரத்துப் போயிருக்கும்."

இவ்வளவு கெட்டிக்காரிக்குத் தன் உடம்பு விஷயத்தில் மட்டும் கணக்கு உதைத்தது. கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் உதிரம் கொட்டித் தீர்த்தது. முகம் வெளுத்து, மூன்றாம் மாடிப் படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்க ஆரம்பித்தார். எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் மகாலட்சுமி எப்போதோ சொல்லிவிட்டார். புது ஸ்கேன் மெஷின் வருகிறது, அது முடியட்டும் என்றார் வஹீதா. வந்தது. கூடுதல் டிஸ்க் போடணும், அப்புறம் என்றார். போட்டார். பிறகு, பதிவுகளை அடுக்கிவைக்கும் டேட்டாபேஸ் மென்பொருளுக்குப் புது வெர்ஷன் போடும் வேலை வந்தது. படுத்தால் ஒன்றரை மாதம் எழுந்திருக்கக் கூடாது; அந்த ஒன்றரை மாதம் பெரியவரையும் சின்னவரையும் யார் பார்ப்பது?

டாக்டர் மகாலட்சுமிக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க டிஸ்க் எழுபதைத் தாண்டுனா ஊரைக் கூட்டுறீங்க. உங்க ரத்தம் ஏழுக்கு இறங்கியிருக்கு. அதுக்கு யாரு கத்துறது?" வஹீதா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே காத்திருந்த அனீஸ் அதிகம் பேசுகிறவரல்ல. அன்று ஆட்டோவில் மட்டும், தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: "ஆஸ்பத்திரிக்கு ரெண்டு இருக்கு. எனக்கு நீ ஒண்ணுதான்." மறுநாள் வஹீதா போய், விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார்.

அப்படித்தான் ரெங்கராஜ் சர்வர் அறைக்குள் வந்தார். வந்தார் என்றால், ஒன்பது வருடமாக அதே ஆஸ்பத்திரியில் கேபிளும் கேமராவும் பார்த்துக்கொண்டிருக்கிறவர்தான். வஹீதாவைவிட இரண்டொரு வயது இளையவர். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வீடு. காலையில் பெருமாளைச் சேவிக்காமல் பாலம் தாண்டி வரமாட்டார். ஆயுத பூஜைக்கு ரேக் கதவில் சந்தனம் குங்குமம் வைக்கும் உரிமை மட்டும் அவருக்கு இருந்தது. "பொட்டு வைங்க சார், தாராளமா வைங்க. காத்துப் போற ஓட்டையில மட்டும் வைக்காதீங்க" என்று வஹீதா பக்கத்திலேயே நிற்பார். அதைத் தாண்டி அந்த ரேக்கில் ரெங்கராஜ் விரல் பட்டதில்லை.

வேலை கற்றுக்கொடுக்க உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வஹீதாவுக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியாது. "இதைத் தொடாதீங்க" என்பதை அவர் பல விதமாகச் சொல்வார். எதைத் தொடலாம் என்று சொல்லமாட்டார். ரெங்கராஜ் ஒரு வரி தட்டச்சு செய்து முடிப்பதற்குள் வஹீதாவின் கை குறுக்கே வந்து கீபோர்டை வாங்கிக்கொள்ளும். "இல்லை, இப்படிங்க." மடமடவென்று அடித்துவிட்டு, "பாத்துக்கிட்டீங்கல்ல?" என்பார். ரெங்கராஜ் எதையும் பார்த்திருக்கமாட்டார். வஹீதாவின் முதுகைத்தான் பார்த்திருப்பார். "ஆகட்டும் மேடம்" என்று சொல்லிவிட்டு, மதியம் தனியாக உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்துக்கொள்வார். "தங்கமான மனுஷன், ஸ்டோரேஜ்னா கொஞ்சம் பயம்" என்று வஹீதா வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். பயம் யாருக்கு என்று அனீஸ் கேட்கவில்லை.

இதற்கிடையில் டேட்டாபேஸ் மாற்றும் வேலையும் நடந்தது. அதில் ஒரு சங்கடம் உண்டு. பழைய வெர்ஷன் எழுதி வைத்ததைப் புதியது மாற்றி எடுத்துக்கொள்ளும். அப்படி மாற்றியதைப் பழையது திரும்பத் திறக்க முடியாது. எனவே இரண்டு சர்வரிலும் புதியதைப் போட்டாக வேண்டும். வஹீதா முறைப்படிதான் செய்தார். முதலில் சின்னவருக்குப் போட்டார். வேலையை அவர் கைக்கு மாற்றினார். கல்லாவிலிருந்த அத்தனையும் புதிய முறைக்கு மாறியது. சில நாள் ஓடட்டும், நன்றாக ஓடினால் பெரியவருக்கும் போட்டுவிடலாம் என்று வைத்திருந்தார். போட நினைத்த அன்று காலையில் அனீஸின் கடைச் சந்தில் தலை சுற்றி விழுந்தார். லேஸ் கட்டுகளின் மேல் விழுந்ததால் அடிபடவில்லை. வீட்டில் படுத்து, ரத்தம் ஏற்றிக்கொண்டு, வேலைக்குத் திரும்பியபோது தலை நிறைய விடுப்பு, மாத்திரை, ரெங்கராஜ். பெரியவர் விட்டுப்போனார். அது வஹீதாவுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். வஹீதாவுக்கும் மறந்துபோனால் தெரிந்தவர் யாருமில்லை. திரையில் இரண்டு விளக்கும் பச்சையாகத்தான் எரிந்தன. பெரியவருக்கு மூச்சு இருக்கிறதா என்றுதான் அந்த விளக்குப் பார்க்கும். புதிய கணக்கைப் படிக்கத் தெரியுமா என்று பார்க்காது.

அந்த மாதத்து இரண்டாவது ஞாயிறு. கவுன்ட்டர்களில் சொல்லியாயிற்று. மாற்றப்போவது ரெங்கராஜ், வஹீதா பின்னால் நின்றார். சின்னவர் படுத்தார். பெரியவர் எழ வேண்டும். எழவில்லை. ரெங்கராஜ் இன்னொரு முறை முயன்றார். இந்தக் கோப்புகள் என்னைவிடப் புதிய வெர்ஷனுடையவை, என்னால் திறக்க முடியாது என்று திரையில் வந்து நின்றது. கீழே மலர்க்கொடி வாழைப்பழத்தைத் தின்று முடித்துத் தோலையும் குப்பையில் போட்டுவிட்டு, "மேடம், வரலீங்களே" என்று போன் செய்தார். அதன் பின்னாலேயே லேபிலிருந்து போன். அப்புறம் அவசர சிகிச்சை. ரெங்கராஜின் நெற்றியில் திருமண் கோடு வியர்வையில் கரைந்தது. "பெருமாளே... மேடம், நான் எதையோ தப்பாப் பண்ணிட்டேனா?"

அந்த வரியைப் படித்த நொடியிலேயே வஹீதாவுக்கு என்ன நடந்ததென்று தெரிந்துவிட்டது. கீபோர்டை வாங்கினார், சின்னவரை எழுப்பினார், திரைகள் உயிர் பெற்றன, போன்கள் ஓய்ந்தன. "சின்னதா ஒரு கோளாறு, சரியாயிடுச்சு" என்று சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ரெங்கராஜ் தன் கை ராசி என்று நினைத்துக்கொண்டு கேபிளுக்கே திரும்பியிருப்பார். விடுப்பையும் தள்ளிப் போட்டிருக்கலாம்; யாரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள். அந்த எண்ணம் வஹீதாவுக்கு வராமல் இல்லை. வந்தது, ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம் இருந்துவிட்டுப் போனது.

"நீங்க ஒண்ணும் பண்ணலை சார்" என்றார். "பெரியவருக்கு நான் புதுசு போடலை. போடணும்னு இருந்தேன், விழுந்துட்டேன், மறந்துட்டேன். இத்தனை நாளா ரெண்டு இருக்குன்னு சொல்லிட்டு ஒண்ணை வச்சுக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரியை ஓட்டியிருக்கேன்." சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, ஒவ்வொரு கவுன்ட்டராகப் போய் அதையே சொன்னார். எலும்பு டாக்டர் அறையிலும் சொன்னார்.

திரும்பி வந்தபோது ரெங்கராஜ் இன்னும் அங்கேயே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். "மேடம், ஒண்ணு சொன்னா கோச்சுக்கப்படாது. சாவி ரெண்டும் உங்ககிட்டதானே இருக்கு?"

"ஆமா. ஒண்ணு போனா ஒண்ணு."

"நீங்க விழுந்த அன்னிக்கு ரெண்டும் உங்களோடதான் விழுந்தது. ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா அது ஒரு சாவிதான் மேடம்."

கைப்பைக்கும் டிபன் பைக்கும் வஹீதாவின் பார்வை போய் வந்தது. பல வருடமாகத் தான் மற்றவர்களுக்குச் சொல்லிவந்த வசனம் அது. ரெங்கராஜ் விடவில்லை. "எங்க பெரியப்பா கோயில்ல கைங்கரியம் பண்றார். அங்கே முறைன்னு ஒண்ணு உண்டு. ஒருத்தர் முறை முடிஞ்சா, அடுத்தவர்கிட்ட சாவியை ஒப்படைச்சுட்டு வெளியில வந்துடணும். அவர் சரியாப் பண்றாரான்னு எட்டிக்கூடப் பார்க்கப்படாது. பெருமாள் அவர் ஒருத்தரோட சொத்து இல்லையே?"

"பாக்காம இருந்துடுவாராக்கும் உங்க பெரியப்பா?"

"மனசுக்குள்ள பார்ப்பார். கால் போகாது."

வஹீதாவுக்குச் சிரிப்பு வந்தது. டிபன் பையின் அடியைத் துழாவி ஒரு சாவியை எடுத்து ரெங்கராஜ் கையில் வைத்தார். "இன்னொண்ணு, நான் போற அன்னிக்கு மேனேஜர்கிட்ட குடுத்துடுறேன், இன்ஷா அல்லாஹ்" என்றார்.

பெரியவருக்குப் புது வெர்ஷன் போட்டது ரெங்கராஜ். வஹீதா பக்கத்து நாற்காலியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். ரெங்கராஜ் தப்பான இடத்தில் நிற்கும்போதெல்லாம் வஹீதாவின் உதடு அசைந்தது, கை அசையவில்லை. முடிந்ததும் மாற்றிப் பார்த்தார்கள். பெரியவர் எழுந்தார். மலர்க்கொடி பாதிப் பழத்தோடு போன் செய்து, "இவ்ளோ சீக்கிரமா வந்தா எப்படிங்க மேடம் தின்னு முடிக்கிறது?" என்றார். வஹீதா கையை வெளியே எடுத்தபோது இரண்டும் மரத்துப் போயிருந்தன.

போன வியாழக்கிழமை காலை. வஹீதா அட்மிஷன் கவுன்ட்டரின் இந்தப் பக்கம் நிற்கிறார். அந்தப் பக்கம் நின்றுதான் பழக்கம். தோளில் கைப்பை, அருகே மாற்றுத்துணிப் பையோடு அனீஸ். பையில் முக்கால்தான் துணி. மலர்க்கொடி பெயரைக் கேட்க வேண்டியதில்லை என்றாலும் கேட்டார், அதுதான் முறை. "வஹீதா பேகம்" என்று தட்டச்சு செய்தார். "பே" வரைக்கும் வந்தது. அதற்கப்புறம் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"இதென்ன..." என்று மலர்க்கொடி மவுஸைத் தட்டினார். பக்கத்து பில்லிங் கவுன்ட்டரில் ஒருவர் எழுந்து நின்றார். லேப் ஜன்னலிலிருந்து, "எங்களுக்கும் நின்னுடுச்சு" என்று குரல் வந்தது. இது ஒரு கம்ப்யூட்டரின் கோளாறு அல்ல, மேலே பெரியவரோ சின்னவரோ நிஜமாகவே சாய்ந்துவிட்டார். அங்கே இருந்தவர்களில் அதை முதலில் புரிந்துகொண்டவர் வஹீதா. மற்றவர்களுக்குப் புரிந்ததும் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. வரிசையில் நின்ற முதியவர் ஒருவர்கூட, காரணம் தெரியாமல், எல்லோரும் பார்க்கிறார்களே என்று பார்த்தார்.

வஹீதா போனைப் பார்த்தார். ரெங்கராஜ் கூப்பிடவில்லை. கூப்பிட நேரமில்லையா, கூப்பிடத் தேவையில்லையா, தெரியவில்லை. "எதுன்னாலும் கூப்பிடுங்க சார்" என்று நேற்று பலமுறை சொல்லியிருந்தார். லிஃப்ட் எதிரேதான் இருந்தது; கதவும் திறந்துதான் கிடந்தது. அவர் கை கைப்பையின் ஜிப்பை இழுத்து உள்ளே போயிற்று. உள் அறையில் இரண்டாவது சாவி இருந்தது. மேனேஜரிடம் கொடுப்பதாகச் சொன்ன சாவி. கொடுக்க மறக்கவில்லை. கொடுக்கவில்லை.

அனீஸ் அந்தக் கையைப் பார்த்தார்.

"மேடம், ஒரு எட்டு மேலே போய்ப் பாத்துட்டு வந்துடுறீங்களா?" என்றார் மலர்க்கொடி.

சாவி வெளியே வந்தது. வஹீதா அதை உள்ளங்கையில் வைத்து ஒரு கணம் பார்த்தார். பிறகு கவுன்ட்டர் மேல் வைத்து, ஒரு விரலால் மலர்க்கொடி பக்கம் தள்ளினார்.

"இதை முருகானந்தம் சார்கிட்ட சேத்துடும்மா" என்றார். "மேசை டிராயர்ல ஒரு பேனா இருக்குமே, அதை எடு. நோயாளி மணிக்கட்டுல கட்டுற பட்டையில என் பேரைக் கையால எழுது."

திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வஹீதா வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, இடது மணிக்கட்டை நீட்டினார்.